கண்ணைச் சுற்றித் தோல் வெடிப்பு, ஆறுவதும் திரும்ப வருவதுமாகவே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பாம்பன் கரை:

அம்மாவுக்காகக் கேட்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டியவர், பாவாடை கட்டிய வயதிலிருந்தே கடலில் முங்கிக் கடல்பாசி எடுக்கப் போகிறவர். கொஞ்ச காலமாகக் கண்ணைச் சுற்றித் தோல் காய்ந்து, சுருங்கி, கோடு கோடாக வெடிக்கிறது. மேல் இமையும் வெளிப்பக்கக் கடைக்கண்ணும்தான் ரொம்ப மோசம். காலையில் கண்ணைத் திறக்கும்போதே அந்த வெடிப்பு பிளந்துகொண்டு நீர் கசிகிறது. கடல் தண்ணீர் பட்டால் சொல்லவே வேண்டாம், மிளகாய்ப்பொடி தூவியது மாதிரி எரிகிறதாம்.

மருந்துக்கடையில் ஒரு கிரீம் கொடுத்தார்கள். தடவினால் இரண்டு மூன்று நாளில் நன்றாக ஆறிவிடும், அம்மாவும் சந்தோஷமாகக் கடலுக்குப் போவார். நிறுத்தினால் அதே வாரத்தில் முன்னைவிட அதிகமாக வெடிக்கிறது. மறுபடி அதே கிரீம், மறுபடி அதே கதை. ஒரு டாக்டரிடமும் காட்டினோம். உப்புத் தண்ணீரும் வெயிலும்தான் காரணம், கடலுக்குப் போவதை நிறுத்துங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அது எங்கள் வீட்டில் நடக்கிற காரியமில்லை. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், அந்த நாட்களில் கிடைக்கிற பாசியில்தான் மாதம் ஓடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் அம்மா பாசிக்குப் போகவில்லை. அப்போது வெடிப்பு குறைந்ததே தவிர முழுசாகப் போகவில்லை. உப்புத் தண்ணீர்தான் காரணம் என்றால் அந்த நாட்களிலாவது முழுசாக ஆறியிருக்க வேண்டுமல்லவா? யாருக்காவது இப்படி இருந்து சரியாகியிருந்தால் சொல்லுங்கள்.

கீழக்கரை லாத்தா:

தங்கச்சி, முதலில் ஒரு கேள்வி. அம்மா தலைக்கு டை அடிப்பார்களா? எங்கள் உம்மாவுக்கு அச்சு அசலாக இதே மாதிரி இருந்தது. இமை தடித்து, உரிந்து, அப்புறம் வெடிக்கும். தலையிலும் நெற்றியிலும் ஒன்றுமே இல்லை, அதனால் டை மீது யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கண்மையை நிறுத்தினோம், பவுடரை நிறுத்தினோம், சோப்பை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு தோல் டாக்டர்தான் முடியைப் பார்த்ததும் கேட்டார். கறுப்பு டையில் இருக்கிற பிபிடி என்ற சாயப்பொருள் பலருக்கு அலர்ஜியாம், தலையில் தடவினாலும் தலைத்தோல் தாங்கிக்கொள்ளும், இமை தாங்காது என்றார். கல்யாண வீடுகளில் சீக்கிரம் கறுப்பாகச் சிவக்கட்டும் என்று போடுகிற கறுப்பு மருதாணியிலும் அதே சரக்கைக் கலக்கிறார்கள், அதையும் தொடக் கூடாது என்றார். டையை விட்ட பிறகு உம்மாவின் கண் மெல்ல மெல்லச் சரியானது. இப்போது அரைத்த மருதாணி மட்டும்தான்.

நான் சொல்ல வருவது இதுதான். வெடிப்பு கண்ணில் இருக்கிறது என்பதற்காகக் காரணமும் கண்ணிலேயே இருக்க வேண்டும் என்றில்லை.

ஏர்வாடி தம்பி:

அக்கா, ராத்திரி படுக்கும் முன்னால் விளக்கெண்ணெய் ஒரு சொட்டு இமையில் தடவச் சொல்லுங்கள். எங்கள் அப்பத்தா காலத்திலிருந்து இதுதான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணலும் உப்பும் சேர்ந்து முகத்தில் அறையும், எங்கள் பக்கம் எல்லோருக்குமே கண்ணோரம் காய்ந்து போகும். எண்ணெய் வைத்தால் அடங்கிவிடும். உப்புத் தண்ணீரில் முகம் கழுவுவதையும் குறைக்க வேண்டும். எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது, முகத்தில் வெள்ளையாகப் படிந்து நிற்கும். குடிக்கிற தண்ணீரில் ஒரு சொம்பு முகத்துக்கென்று ஒதுக்கி வைத்தாலே பாதி எரிச்சல் போகும்.

ஓபி நர்ஸ்:

நான் டாக்டர் இல்லை. தோல் பிரிவு ஓபியில் வருடக்கணக்காக வேலை பார்த்தவள். இந்தப் பிரச்சினையோடு வந்த எத்தனையோ பேரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கிரீம். டியூபை எடுத்து, மருந்துப் பெயர் பொடி எழுத்தில் எழுதியிருக்கிற இடத்தைப் பாருங்கள். குளோபிட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்ளோமெத்தசோன் இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பெரும்பாலும் கூடவே ஒரு பூஞ்சை மருந்தும் ஒரு ஆன்டிபயாடிக்கும் சேர்த்திருப்பார்கள். எந்தத் தோல் நோய்க்கும் இதையே எடுத்து நீட்டுகிற பழக்கம் நம் ஊர்க் கடைகளில் இருக்கிறது. தடவியதும் சிவப்பு அடங்கிவிடும், ஆனால் உள்ளே காரணம் அப்படியே இருக்கும். நிறுத்தியதும் சீறிக்கொண்டு வருவதற்குக் காரணம் இதுதான். நம் உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். உள்ளங்கையில் தடவினால் கொஞ்சம்தான் உள்ளே போகும் மருந்து இமையில் தடவினால் மளமளவென்று இறங்கிவிடும். மாதக்கணக்கில் தடவினால் தோல் இன்னும் மெலிந்து ரத்த நாளம் தெரிய ஆரம்பிக்கும். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பாதிக்கலாம், புரை விழலாம். அழுத்தம் கூடுவது ஆரம்பத்தில் வலியே தராது, பார்வை போன பிறகுதான் தெரியும். அம்மா எவ்வளவு காலம் தடவினார் என்று கணக்குப் பார்த்து, கண் டாக்டரிடம் ஒரு தடவை கண் அழுத்தம் அளந்துகொள்ளுங்கள். இதைத் தள்ளிப் போட வேண்டாம்.

சிலருக்குத் தோல் டாக்டரே இமைக்கு லேசான ஸ்டீராய்டு சில நாட்களுக்கு மட்டும் எழுதிக் கொடுப்பதுண்டு, அது வேறு விஷயம். அதற்குப் பிறகு டாக்ரோலிமஸ் என்று ஸ்டீராய்டு இல்லாத களிம்பு தருவார்கள். முதல் சில நாள் எரியும், பலரும் அதற்குப் பயந்து விட்டுவிடுவார்கள். இதெல்லாம் டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது, நாமாக வாங்கிப் போடுவதற்கில்லை.

அடுத்தது காரணம். இமையில் வெடிப்பு என்று வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குத் தொடுகிற பொருளால் வருகிற அலர்ஜிதான் இருக்கும். கீழக்கரை லாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நகத்துக்குப் பூசிய பாலிஷ் விரலில் ஒன்றும் செய்யாது, அதே விரலால் கண்ணைத் தேய்த்தால் இமை வெடிக்கும். விரல் தோல் தடிப்பு, இமைத் தோல் மெல்லிசு, அவ்வளவுதான் வித்தியாசம். வாசனைச் சரக்கு, ஷாம்பூவிலும் ஈரத் துடைப்பானிலும் கெடாமல் இருக்கச் சேர்க்கிற பொருள், மூக்குக் கண்ணாடி ஃபிரேமில் இருக்கிற நிக்கல், கண் சொட்டு மருந்தில் இருக்கிற பென்சால்கோனியம், இப்படிச் சொல்லிக்கொண்டே போகலாம். நெற்றிக்குத் தேய்க்கிற தலைவலித் தைலத்தையும் மறக்க வேண்டாம்.

அலர்ஜி இல்லாமலும் வரும். புருவத்திலும் மூக்கோரத்திலும் செதில் உதிர்ந்து தலையில் பொடுகும் இருந்தால் அது வேறு வகை. இமை முடியின் அடியில் தவிடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் இமை விளிம்பு வீக்கம். வாய்க் கடையிலும் சேர்ந்து வெடித்தால் சத்துக் குறைவைப் பார்க்க வேண்டும். சின்ன வயதில் வீசிங், தோல் நமைச்சல் இருந்தவர்களுக்கு இமை எப்போதும் தொட்டாற்சிணுங்கிதான்.

தங்கச்சி, இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். கடலுக்குள் என்னென்ன மாட்டிக்கொண்டு போகிறார்? கையில் என்ன? தலைவலிக்கு என்ன தேய்ப்பார்? பாதத்தில் செருப்பு வார் படுகிற இடம் எப்படி இருக்கிறது? கடைசிக் கேள்வி சம்பந்தமில்லாதது போலத் தோன்றும், தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.

ஏர்வாடி தம்பி, நல்ல தண்ணீர் யோசனை ரொம்பச் சரி. விளக்கெண்ணெய் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் அதற்கே அலர்ஜி உள்ளவர்களும் உண்டு. வெடித்துத் திறந்திருக்கிற தோலில் புதிதாக எதையும் வைக்காமல் இருப்பது நல்லது. வாசனை சேர்க்காத வெள்ளை வாசலின் போதும்.

பாம்பன் கரை:

எல்லோருக்கும் நன்றி. அம்மா டை அடிப்பதில்லை, நரைத்த முடி அப்படியேதான் இருக்கிறது.

டியூபைப் பார்த்தேன். பீட்டாமெத்தசோன், நியோமைசின், அப்புறம் படிக்க முடியாத இன்னொன்று.

கடலுக்குப் போகும்போது கண்ணுக்கும் மூக்குக்கும் சேர்த்து மாட்டுகிற கறுப்பு ரப்பர் கண்ணாடி. ரப்பர் பழசாகி ஓரம் பிசுபிசுக்கும். கையில் முன்பெல்லாம் விரலுக்கு விரல் துணிக் கிழிசல் சுற்றிக் கட்டுவார். பாறையில் ஒட்டின மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுக்கும்போது விரல் கிழிந்துவிடும், அதற்காக. இப்போது சில வருடங்களாக ரப்பர் கையுறை. தண்ணீருக்கு மேலே வந்ததும் அந்தக் கையாலேயே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முங்குக்கும் அப்படித்தான். கரைக்கு வந்த பிறகு உப்பு ஏறின முந்தானையால் ஒரு துடைப்பு.

மூச்சடக்கி முங்கி முங்கித் தலைவலி வரும் என்று ராத்திரி நெற்றியில் தைலம் தேய்ப்பார், அதுவும் தினமும் உண்டு.

செருப்புக் கேள்விதான் என்னை ஆச்சரியப்பட வைத்தது. பாதத்தில் ரப்பர் செருப்பின் வார் போகிற வழியெல்லாம் கறுத்து, தடித்து, அப்படியே வார் அச்சு மாதிரி இருக்கிறது. அவ்வப்போது நமைச்சல் எடுக்குமாம். உப்புத் தண்ணீரில் நிற்கிற காலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று இத்தனை வருடமும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

வேதாளை வள்ளம்:

நான் சங்கு குளித்தவன், அதனால் கண்ணாடி பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கண்ணாடி உள்ளே ஆவி படிந்து மங்காமல் இருக்க அம்மா என்ன தேய்க்கிறார் என்று கேளுங்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பல் பேஸ்ட் தேய்ப்பார்கள், சிலர் ஷாம்பூ. அரைகுறையாகக் கழுவிவிட்டு மாட்டினால் அது மணிக்கணக்கில் கண்ணோரத்தில் ஊறிக்கொண்டே இருக்கும். புதினா காரமும் நுரை வருகிற சரக்கும் இமைக்கு ஆகவே ஆகாது. கூட வருகிற ஒருவனுக்குக் கண்ணோரம் உரிந்துகொண்டே இருந்தது, பேஸ்ட்டை விட்டான், சரியாகிவிட்டது. எச்சில் தொட்டுத் தேய்த்துக் கடல் தண்ணீரில் அலசினாலே போதும், மங்காது.

இன்னொரு விஷயம். வாசலின் தடவிக்கொண்டு அப்படியே கண்ணாடி மாட்டினால் ஓரம் வழுக்கித் தண்ணீர் உள்ளே வரும். ரப்பரும் சீக்கிரம் இளகிப் போகும். அதனால் வாசலினைக் கடலுக்குப் போகும் முன் இமையில் மட்டும் மெல்லிசாக வைக்க வேண்டும், கண்ணாடி ஓரம் உட்காருகிற இடத்தில் படக் கூடாது.

சொறி மீன், அதாவது ஜெல்லி மீன், பட்டதாக இருக்குமோ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சொறி பட்டால் அந்த நேரமே துடித்துப் போவோம், கொஞ்ச நாளில் தழும்போடு அடங்கிவிடும். மாதக்கணக்கில் போய்ப் போய் வராது.

ஓபி நர்ஸ்:

வேதாளை அண்ணன் சொன்ன பேஸ்ட் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, ரொம்ப முக்கியமான தகவல்.

தங்கச்சி, செருப்புக் கேள்வி எதற்கென்றால், ரப்பரை இறுக வைக்கத் தையூரம், கார்பமேட் என்று சில வேதிப்பொருட்களைச் சேர்க்கிறார்கள். ரப்பர் உருவான பிறகும் அதில் கொஞ்சம் மிச்சம் தங்கி, வேர்வையிலும் தண்ணீரிலும் கசிந்து வரும். அலர்ஜி உள்ளவர்களுக்குச் செருப்பு வார் படுகிற இடத்தில் அந்த அச்சு விழும். ஓபியில் கால்களைப் பார்த்தே டாக்டர் பாதி முடிவு செய்துவிடுவார். அதே சரக்கு கையுறையிலும் இருக்கிறது, கறுப்பு ரப்பர் கண்ணாடியிலும் இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது எனக்குக் கண்ணாடியைவிடக் கையுறை மீதுதான் சந்தேகம் அதிகம். கண்ணாடி மட்டும் காரணமென்றால் ஓரம் உட்காருகிற புருவத்து மேட்டிலும் கன்ன எலும்பிலும் வட்டமாகத் தெரிய வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அங்கே இல்லை, கை படுகிற இமையிலும் கடைக்கண்ணிலும்தான் இருக்கிறது. தடைக்காலத்தில் முழுசாக ஆறாததற்கும் ஒரு காரணம் தெரிகிறது. கிரீமில் இருக்கிற நியோமைசினே அலர்ஜி கொடுக்கிற மருந்துதான். கடலுக்குப் போகாத நாளிலும் அதைத் தடவிக்கொண்டுதானே இருந்திருப்பார், தைலமும் தினமும் உண்டு என்கிறீர்கள். ஒன்று போனாலும் இன்னொன்று விடாது.

ஆனால் ஊகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, பேட்ச் டெஸ்ட் எடுத்தால்தான் உறுதியாகும். முதுகில் சின்னச் சின்ன வில்லைகளாக ஒட்டுவார்கள், ஊசி கிடையாது. நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள், அப்புறம் ஓரிரு நாள் கழித்து இன்னொரு தடவை பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பார்வைக்குப் போகாமல் விட்டுவிடாதீர்கள், சில அலர்ஜி தாமதமாகத்தான் தலை காட்டும். ஒட்டியிருக்கிற நாட்களில் முதுகு நனையக் கூடாது, வேர்க்கிற வேலை கூடாது. அதனால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவில் கடலுக்குப் போகாத வாரமாகப் பார்த்துத் தேதி வாங்குங்கள். முதுகில் ஸ்டீராய்டு தடவியிருக்கவோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருக்கவோ கூடாது, சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போகும்போது கையுறை ஒன்று, கண்ணாடி ரப்பர் ஓரத்தில் நறுக்கிய ஒரு துண்டு, செருப்பு, கிரீம் டியூப், தைலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பையைப் பார்த்ததும் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள், 2022-இல் கல்லூரி ஆன பிறகு நம் மாவட்டத்து ஆட்களுக்கு அலைச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. டெஸ்ட்டுக்கு மதுரைக்குப் போகச் சொன்னால் தயங்காமல் போங்கள்.

அதுவரைக்கும் செய்ய வேண்டியது: கிரீம் வேண்டாம், தைலம் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், கண்ணோரத்துக்கு சோப்பும் வேண்டாம். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு அலம்பி, சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்பே வாசலின். தேய்த்துத் துடைக்கக் கூடாது, முந்தானை கூடவே கூடாது. கிரீமை நிறுத்தியதும் முதல் வாரம் மோசமாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து மறுபடி டியூபை எடுத்துவிடாதீர்கள். ரொம்ப நாள் தடவியவர் என்பதால் தோல் டாக்டரைச் சீக்கிரம் பார்த்து, அவர் சொல்படி நிறுத்துவதுதான் நல்லது.

இதற்கு நடுவில் கண்ணுக்குள்ளேயே வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசுவது, மஞ்சளாகச் சீழ் கட்டுவது, இமை வீங்கிக் காய்ச்சல், ஒரு பக்க நெற்றியிலும் மூக்கு நுனியிலும் கொப்புளம் என்று எது வந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். இமை கருஞ்சிவப்பாகி, கையைத் தூக்கித் தலை சீவவும் படி ஏறவும் முடியாத அளவுக்குச் சோர்வு இருந்தால் அது தோலோடு நிற்கிற நோயில்லை, அதையும் உடனே காட்ட வேண்டும்.

ஏர்வாடி தம்பி:

நர்ஸ் அக்கா, வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி இல்லையா? மதுரைக்குப் போய் வர ஒரு நாள் கூலியும் போகும், பஸ் செலவும் ஆகும்.

ஓபி நர்ஸ்:

தடவி அப்படியே விடுகிற பொருளுக்கு மட்டும் ஓரளவு முடியும் தம்பி. முகத்துக்குப் பூசுகிற கிரீம் மாதிரி ஒன்றை முழங்கை உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம், பத்து நாள் தடவிப் பார்க்கலாம். சிவந்தோ நமைத்தோ வந்தால் அதைக் கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது. வராவிட்டால் அலர்ஜி இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் முழங்கை இமையைவிடத் தடிப்பு. ஷாம்பூ, பேஸ்ட், சோப்பு இவற்றை இப்படி ஒட்டி வைக்கவே கூடாது, அலர்ஜி இல்லாதவருக்கும் தோலைப் புண்ணாக்கிவிடும். ரப்பர் துண்டை நாமாகக் கட்டி வைப்பதையும் நான் சொல்ல மாட்டேன். கூலி போகிற வலி எனக்குப் புரிகிறது. ஆனால் மாதாமாதம் கிரீமுக்குப் போகிற காசையும், எரிச்சலில் கடலுக்குப் போக முடியாமல் நிற்கிற நாட்களையும் சேர்த்துப் பாருங்கள்.

பாம்பன் கரை:

இடையில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். டெஸ்ட் முடிந்துவிட்டது. ராமநாதபுரத்தில் பார்த்தார்கள், அங்கிருந்து மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள். பையோடு போனோம். டாக்டர் கையுறையை எடுத்து முகர்ந்து பார்த்தார், கண்ணாடித் துண்டைத் தனியாக ஒட்டினார். இரண்டாவது தடவை பார்த்தபோது முதுகில் இரண்டு இடம் திட்டாகச் சிவந்து பொடிப் பொடியாக எழும்பியிருந்தது. ஒன்று ரப்பரில் சேர்க்கிற தையூரம். இன்னொன்று நியோமைசின். தைலத்துக்கு ஒன்றும் வரவில்லை, ஆனாலும் வெடித்த தோலுக்கு அது எரிச்சல்தான், ஆறும்வரை நெற்றிப் பக்கம் வேண்டாம் என்றார். கண் அழுத்தமும் பார்த்தாயிற்று, அளவுக்குள்தான் இருக்கிறது, சில மாதம் கழித்து இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது டாக்ரோலிமஸ் களிம்பு. முதல் சில நாள் எரிகிறது என்று அம்மா அழாத குறை. நீங்கள் முன்கூட்டியே எழுதியிருந்ததால் நான் விடவில்லை. கையுறையை விட்டுவிட்டுப் பழையபடி விரலுக்குத் துணி சுற்றித்தான் போகிறார். பேஸ்ட்டும் தேய்த்திருக்கிறார், வேதாளை அண்ணன் சொன்னது அப்படியே உண்மை, இப்போது எச்சில்தான். கடைக்கண் வெடிப்பு மூடிவிட்டது, மேல் இமையில் மட்டும் இன்னும் சொரசொரப்பு இருக்கிறது.

நான் செருப்பு அச்சு விஷயத்தைச் சொன்னதும், அம்மாவோடு பாசிக்குப் போகிற பெண்கள் ஒருவர் பாதத்தை ஒருவர் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சித்திக்கும் ஒரு மதினிக்கும் அதே அச்சு இருக்கிறது, அதில் மதினிக்கு இமையும் உரிகிறது. அவர்களையும் ராமநாதபுரத்துக்குக் கூட்டிப் போகப் போகிறேன்.

இரண்டு சந்தேகம். கண்ணாடியை மாற்றியே ஆக வேண்டுமா, மாற்றினால் எது? செருப்புக்கு என்ன செய்வது?

வேதாளை வள்ளம்:

மாற்றத்தான் வேண்டும் தங்கச்சி. கறுப்பு ரப்பர் வேண்டாம், சிலிக்கான் ஓரம் வைத்தது வாங்குங்கள். கண்ணாடி மாதிரி நிறமில்லாமலோ பால் வெள்ளையாகவோ பெரும்பாலும் இருக்கும், விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும், ரப்பர் வாடையே வராது. கறுப்பு நிறத்திலும் சிலிக்கான் உண்டு, அதனால் நிறத்தை மட்டும் பார்க்காமல் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தலைக்குப் பின்னால் மாட்டுகிற பட்டையும் சிலிக்கானாக இருக்க வேண்டும், சிலதில் பட்டை மட்டும் ரப்பராக வைத்துவிடுவார்கள். விலை கூடத்தான், ஆனால் வெயிலிலும் உப்பிலும் ரப்பர் மாதிரிச் சீக்கிரம் பிசுபிசுத்துப் போகாது. வாங்கும் முன் பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள், விழாமல் ஒட்டி நின்றால் அம்மா முகத்துக்கு அது சரி. அதனால் அம்மாவையே கடைக்குக் கூட்டிப் போங்கள்.

ஓபி நர்ஸ்:

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. சிலிக்கானில் பொதுவாக அந்தத் தையூரம் சரக்கு இருக்காது, தைரியமாக வாங்கலாம். செருப்புக்கு முழுக்க பிளாஸ்டிக்கில் வார்த்தது, வாரும் பிளாஸ்டிக்காகவே இருப்பது போதும். பழைய ரப்பர் செருப்பை வாசலில்கூட வைக்காதீர்கள், யோசிக்காமல் காலை நுழைத்துவிடுவார். வீட்டில் பாத்திரம் கழுவ ரப்பர் கையுறை இருந்தால் அதுவும் வேண்டாம், வினைல் கையுறை கிடைக்கும். உள்ளாடை எலாஸ்டிக் படுகிற இடத்தில் நமைச்சல் இருக்கிறதா என்று அம்மாவிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், சொல்லக் கூச்சப்பட்டு மறைத்திருப்பார்.

முக்கியமாக இன்னொன்று. தையூரம், நியோமைசின் இந்த இரண்டு பெயரையும் ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அம்மாவின் காப்பீட்டு அட்டையோடு சேர்த்து வைத்துவிடுங்கள். காதுக்குச் சொட்டு மருந்து, புண்ணுக்குப் பவுடர், கண் களிம்பு என்று எது வாங்கினாலும் நியோமைசின் இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் வாங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஊசி போடவோ கட்டுப் போடவோ நேர்ந்தால், ரப்பர் அலர்ஜி என்று முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். மதினிக்கு டெஸ்ட் தேதி வாங்கும்போதும் கடலுக்குப் போகாத வாரமாகப் பாருங்கள், அவர்களுடைய கையுறையையும் செருப்பையும் தனிப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள், அம்மாவின் பையோடு கலக்க வேண்டாம்.